குப்பை அபராதத்தை எதிர்த்து மனு போடுவது எப்படி? பெங்களூர்வாசிகளுக்கு முழுமையான வழிகாட்டி

தெருமுனையில் கிடந்த ஒரு குப்பை மூட்டைக்குள் எங்கள் விலாசம் ஒட்டிய அட்டைப்பெட்டி இருந்தது என்று சொல்லி எங்கள் வீட்டுக்கு 2,000 ரூபாய் அபராத நோட்டீஸ் வந்தது. மூட்டை எங்களுடையது இல்லை. அதை எழுத்தில் காட்டி ரத்து செய்ய வைப்பதற்குள் இரண்டரை மாதம் ஓடிவிட்டது, அதில் பாதி நாள் நான் வரிசை மாற்றிச் செய்ததால் போனது. அதன் பிறகு அக்கம்பக்கத்தில் பலருக்கு இதே வேலையில் கூட நின்றிருக்கிறேன். கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். கோபத்தில் முதலில் வார்டு ஆபீசுக்குப் போகிறார்கள், ஆதாரம் தேடுவதைக் கடைசிக்கு வைக்கிறார்கள், தேடப் போகும்போது கேமரா பதிவு அழிந்துபோயிருக்கிறது.

அதனால் கீழே உள்ளதை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். ஆதாரம் முதலில், வாதம் அப்புறம்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மூட்டையை நீங்களேதான் அங்கே போட்டீர்கள் என்றால் பணத்தைக் கட்டிவிடுங்கள். மறுநாள் காலை அதைக் கையால் பிரித்து அள்ளுவது ஒரு பௌரகார்மிகப் பெண்தான், அதாவது துப்புரவுப் பணியாளர். இந்த வழிகாட்டி தவறாக அபராதம் விழுந்தவர்களுக்கானது.

1. கையில் இருப்பது என்ன காகிதம் என்று பாருங்கள்

மூன்று விதமான காகிதங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதலாவது அபராதமே இல்லை. 2025 ஏப்ரல் முதல் சொத்து வரியோடு சேர்த்து வசூலிக்கப்படும் குப்பைக் கட்டணம் அது. 600 சதுர அடி வரை மாதம் 10 ரூபாய், 1,000 முதல் 2,000 சதுர அடி வரை 100 ரூபாய் என்று கட்டடத்தின் அளவைப் பொறுத்து ஏறும். வரி ரசீதில் இந்தத் தொகையைப் பார்த்துவிட்டு "எனக்கு அபராதம் போட்டுவிட்டார்கள்" என்று வந்த ஒரு பெரியவரை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். இதற்கு மனு போட்டால் நேரம்தான் வீணாகும்.

இரண்டாவது, தெருவில் அபராதம் போட்டு வரும் மார்ஷல் தன் கையில் இருக்கும் சின்ன மெஷினில் அடித்துக் கொடுக்கும் ரசீது. இதில் முடிவு எடுத்தாகிவிட்டது, நீங்கள் கேட்பது ரத்து அல்லது குறைப்பு.

மூன்றாவது நோட்டீஸ். "விளக்கம் கொடு, இல்லையென்றால் இவ்வளவு கட்டு" என்கிற மாதிரி இருக்கும். இங்கே முடிவு இன்னும் முழுதாக எடுக்கப்படவில்லை, அதனால் நீங்கள் எழுதுவது மேல்முறையீடு இல்லை, விளக்கம். இந்த வித்தியாசம் தெரியாமல் நோட்டீசுக்குப் பதில் எழுதாமல் விட்டுவிட்டு, அபராதம் உறுதியான பிறகு ஓடுவதுதான் அடிக்கடி நடக்கிறது. நோட்டீசில் பதிலுக்கு ஒரு தேதி போட்டிருந்தால் அதுதான் உங்கள் கெடு. போடவில்லை என்றால் ஏழு நாளை நீங்களே கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள், தாமதமே உங்களுக்கு எதிராகப் பேசப்படும்.

காகிதம் பெரும்பாலும் கன்னடத்தில் இருக்கும். அல்சூர், மர்ஃபி டவுன், ஸ்ரீராமபுரம் பக்கம் நம்மவர்களில் கன்னடம் நன்றாகப் பேசுகிறவர்கள்கூடப் படிக்கத் திணறுவார்கள். தேட வேண்டிய சொற்கள் சிலதான்: 'தண்ட' என்றால் அபராதம், 'தினாங்க' தேதி, 'சமய' நேரம், 'ஸ்தள' இடம், 'ஹசி கச' ஈரக் குப்பை, 'ஒண கச' உலர் குப்பை. போன் கேமராவில் மொழிபெயர்த்துப் பார்க்கலாம், ஆனால் கையால் எழுதிய தேதியையும் கதவு எண்ணையும் அதை நம்பி முடிவு செய்யாதீர்கள். கன்னடம் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள்.

வாசிக்கும்போதே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: தேதி, நேரம், இடம், யார் பெயரில், எந்தக் கதவு எண், எந்த விதியின் கீழ், எவ்வளவு, கையெழுத்துப் போட்டது யார், படம் இணைத்திருக்கிறார்களா. இதில் எது காலியாக இருக்கிறதோ அதுவே பிறகு உங்களுக்குக் கைகொடுக்கலாம்.

2. முதல் 48 மணி நேரம்: ஆதாரம் மட்டும்

இந்தப் பகுதியை மட்டுமாவது நிதானமாகப் படியுங்கள். வழக்கு ஜெயிப்பதும் தோற்பதும் இங்கேதான்.

கேமராவில் தொடங்குங்கள். மளிகைக் கடை, பேக்கரி, எதிர்வீட்டு வாசல் என்று எங்கே கேமரா இருந்தாலும் அதன் பெட்டியில் இடம் நிரம்பியதும் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும். சின்னக் கடைகளில் ஒரு வாரம், பத்து நாளுக்கு மேல் எதுவும் தங்குவதில்லை. நான் பன்னிரண்டாம் நாள் போனேன், எதுவும் மிச்சமில்லை. எதிர்வீட்டு அக்கா தன் வீட்டுக் கேமராவில் தற்செயலாக வேறு காரணத்துக்காக எடுத்து வைத்திருந்த துண்டுதான் என்னைக் காப்பாற்றியது.

கடைக்காரரிடம் "அன்றைக்கு முழுவதும் வேண்டும்" என்று கேட்காதீர்கள், கல்லாவை விட்டு எழுந்து வர மாட்டார். நோட்டீசில் உள்ள நேரத்துக்கு அரை மணி முன்னும் பின்னும் மட்டும் கேளுங்கள், கூட்டம் இல்லாத மத்தியான வேளையில் போங்கள். பதிவை நகலெடுத்துத் தர முடியாது என்றால் திரையையே போனில் வீடியோ எடுங்கள், மூலையில் ஓடும் தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி. இன்னொன்று, பலர் கவனிக்காதது: அந்தக் கேமராவின் கடிகாரம் சரியாக ஓடுகிறதா? அக்கா வீட்டுக் கேமரா 40 நிமிடம் முந்தி ஓடிக்கொண்டிருந்தது. அப்படியே கொடுத்திருந்தால் நேரம் ஒத்துப்போகவில்லை என்று தள்ளியிருப்பார்கள். அதனால் நேரலைத் திரையையும் உங்கள் போன் கடிகாரத்தையும் ஒரே வீடியோவில் காட்டி, எத்தனை நிமிட வித்தியாசம் என்பதைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

அப்புறம் உங்கள் போனுக்குள் தேடுங்கள். இப்போது பக்கெட்டுகளைப் படம் எடுத்து வைப்பது எதையும் நிரூபிக்காது, சம்பவத்துக்கு முன்னால் எடுத்ததுதான் பேசும். தெரு வாட்ஸ்அப் குழுவில் "இன்றைக்கும் வண்டி வரலை" என்று யாரோ போட்ட ஒரு வரி தேதியோடு இருந்தால் அது ஆதாரம். அன்றைக்கு வெளியூர் போயிருந்தீர்கள் என்றால் ரயில் டிக்கெட், பஸ் டிக்கெட்.

விலாசம் ஒட்டிய கவர் கிடைத்தது என்பதுதான் குற்றச்சாட்டு என்றால், அந்தப் பார்சல் எப்போது வந்தது, பெட்டியை என்ன செய்தீர்கள் என்று பின்னோக்கிப் போங்கள். எங்கள் வீட்டு அட்டைப்பெட்டிகளைப் பழைய பேப்பர் கடை அண்ணனிடம் போட்டிருந்தோம். அவர் அதற்கு யுபிஐயில் 140 ரூபாய் அனுப்பியிருந்தார், அந்தப் பரிவர்த்தனைத் தேதி நோட்டீஸ் தேதிக்கு மூன்று நாள் முந்தையது. பெட்டி எங்கள் கையை விட்டுப் போனதை அது காட்டியது. இனிமேல் எந்தக் கவரைப் போடுவதாக இருந்தாலும் விலாசச் சீட்டைக் கிழித்துவிடுங்கள். மூட்டையைப் பிரித்துப் பார்ப்பவர்கள் தேடுவதே அதைத்தான்.

படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுப் போனிலிருந்து அழித்துவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது எடுத்த தேதி, இடம் போன்ற உள்விவரங்கள் போய்விடும். அசல் அப்படியே இருக்கட்டும், ஒரு நகலை பென் டிரைவிலோ உங்கள் மின்னஞ்சலிலோ வையுங்கள்.

கடைசியாக அக்கம்பக்கம். பார்த்தவர் ஒருவர் இருந்தால் இரண்டே வரியில், தேதி, வீட்டு எண், கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். குப்பை வண்டி ஓட்டுநரோடு மட்டும் சண்டை போடாதீர்கள். அன்றைக்கு எத்தனை மணிக்கு வந்தார், உங்கள் வீட்டில் பிரித்துக் கொடுத்தார்களா என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அவராக இருக்கலாம்.

3. உடனே கட்டுவதா, நிறுத்தி வைப்பதா?

ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். "பாதி கொடுங்கள், பேப்பர் வேண்டாம்" என்று யார் சொன்னாலும், ஒருவரின் சொந்த யுபிஐ எண்ணுக்கு அனுப்பச் சொன்னாலும், அது அபராதம் இல்லை. அந்தப் பணத்துக்குக் கணக்கும் இருக்காது, மேல்முறையீடும் இருக்காது. லஞ்சமாகக் கேட்டால் கர்நாடக லோகாயுக்தாவில் புகார் கொடுக்கலாம், அது தனி வழி, இந்த மனுவோடு கலக்காதீர்கள்.

விளக்கம் கேட்கும் நோட்டீஸ் என்றால் பதிலைக் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள். மெஷின் ரசீது என்றால் அந்த இடத்திலேயே கட்டும்படி அழுத்தம் வரும். வீட்டில் வயதானவர்கள் தனியாக இருந்தால் பயந்து கட்டிவிடுவார்கள், அது புரிந்துகொள்ளக்கூடியதுதான். கட்டிவிட்டால் கதை முடிந்தது என்று நினைக்க வேண்டாம், ஆனால் அன்றோ மறுநாளோ "ஆட்சேபத்துடன் செலுத்தியிருக்கிறேன், இது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகாது" என்று ஒரு வரி எழுத்தில் போய்ச் சேர வேண்டும். எழுதாமல் இருந்தால் நாள் ஆக ஆக, நீங்களே ஒப்புக்கொண்டு கட்டியதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

4. ஒரே ஒரு காரணத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்

புதிதாக எழுதுகிறவர்கள் எல்லாவற்றையும் போடுகிறார்கள். "அது எங்கள் குப்பை இல்லை, அப்படியே இருந்தாலும் நாங்கள் பிரித்துத்தான் வைத்தோம், வண்டியும் மூன்று நாளாக வரவில்லை." மூன்றும் ஒன்றையொன்று வெட்டுகின்றன. உங்கள் குப்பை இல்லை என்றால் பிரித்ததைப் பற்றி ஏன் பேசுகிறீர்கள்? படிக்கிற அதிகாரிக்கு அந்த இடத்திலேயே நம்பிக்கை போய்விடும். எதற்கு ஆதாரம் இருக்கிறதோ அந்த ஒன்றை எடுங்கள்.

குப்பை எங்களுடையது இல்லை என்பதுதான் இருப்பதில் வலுவானது. வாடகை வீடாக இருந்தால் முன்னால் குடியிருந்தவர் பெயரில் கவர் வந்திருக்கலாம், வாடகை ஒப்பந்தத்தின் தேதியே அதற்குப் பதில். வீட்டுக்காரர் வேறு ஊரில் இருந்து, குடியிருப்பவர் செய்ததற்கு அவர் பெயரில் வந்திருந்தாலும் அதே ஒப்பந்தம்தான் ஆதாரம்.

பிரித்துத்தான் கொடுத்தோம் என்று சொல்வதானால் என்ன பிரிவு என்று சரியாகச் சொல்லத் தெரிய வேண்டும். 2015 டிசம்பரில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட இரண்டு பக்கெட், ஒரு பை முறைதான் நம் வீடுகளில் பழகியது: பச்சையில் ஈரக் குப்பை, பையில் உலர் குப்பை, சிவப்பில் இந்த இரண்டிலும் சேராத கழிவு. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் புதிய திடக்கழிவு விதிகள் நான்காகப் பிரிக்கச் சொல்கின்றன. ஈரம், உலர், நாப்கின் டயப்பர் போன்ற சுகாதாரக் கழிவு, பேட்டரி பல்பு பெயின்ட் டப்பா காலாவதி மருந்து போன்ற தனிக் கவனக் கழிவு. பழைய பழக்கத்தில் டயப்பரையும் பல்பையும் ஒரே சிவப்பு பக்கெட்டில் போட்ட படத்தை ஆதாரமாகக் கொடுத்தால் நீங்களே உங்களுக்கு எதிராகக் கொடுத்த மாதிரி ஆகும். படத்தைக் கொடுப்பதற்கு முன் நன்றாகப் பாருங்கள்.

வண்டி வரவில்லை என்பது தனியாக நின்றால் பலவீனமான காரணம். வண்டி வராவிட்டாலும் தெருவில் போட அனுமதி இல்லை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். ஆனால் சம்பவத்துக்கு முன்பே மாநகராட்சி உதவி எண் 1533-ல் புகார் செய்து புகார் எண் கையில் இருந்தால் நிலைமை வேறு. அப்போதும் ரத்து கேட்காதீர்கள், குறைக்கச் சொல்லுங்கள். கிடைக்கக்கூடியதைக் கேட்பது நல்லது.

நோட்டீசிலேயே குறை என்பது நான்காவது வகை. கதவு எண் தவறு, நேரம் இல்லை, படம் இல்லை, எந்த விதி என்று இல்லை. இதை மட்டுமே வைத்து ஜெயித்தவர்களும் உண்டு, ஆனால் திருத்திப் புது நோட்டீஸ் அனுப்பிவிடுவார்கள் என்ற ஆபத்தும் உண்டு. முக்கியக் காரணத்துக்குத் துணையாக ஒரு வரி எழுதினால் போதும்.

அபார்ட்மெண்ட் சங்கத்தின் பெயரில் வந்திருந்தால் நீங்கள் தனியாக எழுதாதீர்கள். செயலாளர் சங்கத்தின் லெட்டர்ஹெட்டில் எழுத வேண்டும்.

5. யாருக்கு எழுதுவது

இங்கேதான் இப்போது குழப்பம் அதிகம். 2025 செப்டம்பரிலிருந்து நகரம் முழுவதற்கும் ஒரே மாநகராட்சியாக இருந்த பிபிஎம்பி கிடையாது. கிரேட்டர் பெங்களூர் ஆணையத்தின் கீழே மத்திய, வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று ஐந்து மாநகராட்சிகள். வார்டுகளும் புதிதாகப் பிரிக்கப்பட்டு 369 ஆகிவிட்டன. குப்பை சேகரிப்பைப் பெங்களூர் திடக்கழிவு மேலாண்மை நிறுவனம் பார்க்கிறது. பழைய ஞாபகத்தில் "பிபிஎம்பி ஆணையர் அவர்களுக்கு" என்று எழுதினால் மனு மேசை மேசையாகச் சுற்றும்.

நோட்டீசின் தலைப்பில் எந்த அலுவலகத்தின் பெயர் இருக்கிறதோ, எந்தப் பதவியின் முத்திரை இருக்கிறதோ, அதே அலுவலகத்துக்கு எழுதுங்கள். பழைய வார்டு எண்ணும் தெரிந்தால் இரண்டையும் போடுங்கள். கையெழுத்துப் போட்டவர் சுகாதார ஆய்வாளராக இருந்தால் அவருக்கு மேலே திடக்கழிவுப் பிரிவில் உதவி செயற்பொறியாளர் இருப்பார், மனுவை அவருக்கு முகவரியிட்டு, ஒரு நகலை உங்கள் மாநகராட்சியின் ஆணையருக்கு அனுப்புங்கள். அபராதம் போட்டவரிடமே மனுவைக் கொடுத்துவிட்டு அவர் மேலே அனுப்புவார் என்று காத்திருந்ததில் எனக்கு மூன்று வாரம் போனது.

6. மனுவை எழுதுவது

ஒரு பக்கம். அதற்கு மேல் போனால் படிக்க மாட்டார்கள். கன்னடத்தில் இருப்பது நல்லது. ஆங்கிலத்திலும் கொடுக்கலாம், ஆனால் கீழே உள்ள ஊழியர் வாசித்து மேலே ஒரு குறிப்பு எழுத வேண்டியிருக்கும், கன்னடத்தில் இருந்தால் அந்தக் குறிப்பு உங்கள் வார்த்தைகளிலேயே போகும். முதலில் தமிழில் தெளிவாக எழுதுங்கள், பிறகு டிடிபி கடையிலோ தெரிந்தவரிடமோ கன்னடமாக்குங்கள். மெஷின் மொழிபெயர்ப்பை அப்படியே அச்சடித்துக் கொடுக்காதீர்கள், மரியாதைச் சொற்கள் தாறுமாறாக வரும்.

தலைப்பு வரியில் 'விஷய' என்று போட்டு நோட்டீஸ் எண், தேதி, தொகை. ஊழியர் கோப்பைத் தேடுவது அந்த எண்ணை வைத்துத்தான். அதற்குக் கீழே இப்படி:

"தாங்கள் அனுப்பிய மேற்கண்ட நோட்டீஸ் இன்ன தேதியில் எனக்குக் கிடைத்தது. அதில் இன்ன தேதி, இன்ன நேரம், இன்ன இடத்தில் கிடைத்த குப்பை என் வீட்டுக்குரியது என்று சொல்லப்பட்டுள்ளது. அந்தக் குப்பை என்னுடையது அல்ல. ஆதாரமாக இணைப்பு 1, 2, 3 கொடுத்துள்ளேன். இணைப்பு 1-ல் தெரிவது இது. இணைப்பு 2-ல் தெரிவது இது. எனவே அபராதத்தை ரத்து செய்து எழுத்து மூலம் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். அதற்கு முன் நேரில் விளக்க வாய்ப்புத் தரவும் வேண்டுகிறேன். தங்களிடம் உள்ள புகைப்படத்தின் நகலையும் தரவும்."

கடைசி இரண்டு வரிகளை விட்டுவிடாதீர்கள். நேரில் கேட்க வாய்ப்புக் கேட்டும் தரவில்லை என்பது பிறகு மேலே போகும்போது தனியான ஒரு குறையாக நிற்கும்.

எத்தனை வருடமாக வரி கட்டுகிறேன், பக்கத்துத் தெருவில் எவ்வளவு குப்பை கிடக்கிறது, அந்த மார்ஷல் எப்படிப் பேசினார், இதெல்லாம் மனுவில் வேண்டாம். உண்மையாகவே இருந்தாலும், தீர்மானிக்க வேண்டிய கேள்வியை அது மறைத்துவிடும். மார்ஷல் தவறாக நடந்திருந்தால் தனிப் புகாராகக் கொடுங்கள்.

7. கொடுப்பதும், சீல் வாங்குவதும்

எல்லாவற்றிலும் இரண்டு செட். ஒன்று அவர்களுக்கு, மற்றொன்றில் 'ஸ்வீக்ருதி', அதாவது பெற்றுக்கொண்டதற்கான சீலும் தேதியும் கையெழுத்தும் உங்களுக்கு. "ஸ்வீக்ருதி கொடி சார்" என்று சிரித்த முகத்தோடு கேளுங்கள். "வைத்துவிட்டுப் போங்கள், பார்க்கிறோம்" என்று சொன்னால் நகரக் கூடாது. சீல் இல்லாத மனு கொடுக்கப்படாத மனு.

அசல்களை ஒருபோதும் கொடுக்காதீர்கள். நகலில் உங்கள் கையெழுத்துப் போதும்.

சீல் போட மறுத்தால் வெளியே வந்து அன்றைக்கே ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். 2025-ல் பதிவுத் தபால் ஸ்பீட் போஸ்டோடு சேர்க்கப்பட்டுவிட்டது, அதனால் கவுண்டரில் பதிவு வசதியோடு, சேர்ந்ததற்கான சான்றும் வேண்டும் என்று சொல்லி அனுப்ப வேண்டும். ரசீதை மனுவின் நகலோடு பின் செய்து வையுங்கள், தனியாக வைத்தால் வெயிலில் எழுத்து மங்கிவிடும், அதையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

8. நேரில் கூப்பிட்டால்

போன் வரும், பெரும்பாலும் காலை பத்து மணி வாக்கில், "இன்றைக்கே வாருங்கள்" என்று. முடியாவிட்டால் வேறு நாள் கேட்கலாம், ஆனால் கேட்டதை ஒரு குறுஞ்செய்தியாகவும் அனுப்பிவிடுங்கள்.

ஆதாரங்களை எண் போட்ட வரிசையில் அச்சடித்துக் கொண்டுபோங்கள். வீடியோ என்றால் முக்கியமான இடத்தின் ஸ்கிரீன்ஷாட்டை ஒரு தாளில். யாரும் உங்கள் போனை வாங்கி நான்கு நிமிடம் பார்க்க மாட்டார்கள். பத்து வினாடிப் பகுதியை மட்டும் தயாராக வைத்திருங்கள்.

தெரிந்த அளவு கன்னடத்தில் தொடங்குங்கள், தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. முதல் வாக்கியமே "அபராதம் தப்பு" என்று இருக்க வேண்டாம், "படத்தைக் காட்ட முடியுமா சார்" என்று கேளுங்கள். அவர்கள் படத்தை எடுத்து வைத்த பிறகு பேச்சு அந்தப் படத்தைப் பற்றியதாக மாறும், உங்களைப் பற்றியதாக இருக்காது. எங்கள் விஷயத்தில் அந்தப் படத்தில் இருந்தது பெட்டியின் விலாசச் சீட்டு மட்டும்தான். மூட்டையையோ, யார் போட்டார்கள் என்பதையோ காட்டும் படம் அவர்களிடம் இல்லை என்று அங்கேதான் தெரிந்தது.

வெளியே வந்ததும், யார் என்ன சொன்னார்கள் என்று அன்றைக்கே எழுதி வையுங்கள். "சரி, ரத்து பண்ணிடறோம்" என்று வாயால் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு, எழுத்தில் எப்போது கிடைக்கும் என்று கேளுங்கள்.

9. பதிலே வராவிட்டால்

முப்பது நாள் பாருங்கள். வரவில்லை என்றால் மாநில அரசின் குறைதீர்ப்பு எண் 1902-ல் புகார் பதியுங்கள், மனு கொடுத்த தேதியையும் நோட்டீஸ் எண்ணையும் சொல்லி. இதனால் அபராதம் ரத்தாகாது, ஆனால் கோப்பு நகரும். அதே வாரம் தகவல் உரிமை மனுவும் போடுங்கள், ஏனென்றால் இதற்கு மட்டும்தான் சட்டப்படி கெடு இருக்கிறது: 30 நாள்.

கட்டணம் 10 ரூபாய், தபால் ஆர்டராக இணைக்கலாம், இணையத்திலும் போடலாம். கர்நாடகத்தில் ஒரு தனி விதி உண்டு, இதில் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள்: ஒரு மனுவில் ஒரே விஷயம்தான் கேட்க வேண்டும், 150 சொற்களுக்குள் இருக்க வேண்டும். நீளமாக எழுதினால் அதைக் காட்டியே திருப்பிவிடுவார்கள்.

"ஏன் எனக்கு அபராதம் போட்டீர்கள்" என்று கேட்காதீர்கள். ஏன் என்பதற்குப் பதில் சொல்லும் கடமை அங்கே இல்லை, இருக்கும் ஆவணத்தைக் கொடுக்கும் கடமைதான் உண்டு. தனித்தனி மனுவாக இப்படிக் கேளுங்கள்: இந்த எண்ணுள்ள நோட்டீஸ் தொடர்பான புகைப்படம், வீடியோ நகல். அன்றைக்கு அந்தத் தெருவுக்கு வந்த குப்பை வண்டியின் வருகைப் பதிவு. என் மனுமேல் எழுதப்பட்ட கோப்புக் குறிப்பின் நகல். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய் கேட்பார்கள்.

தவறான அலுவலகத்துக்குப் போய்விட்டால் ஐந்து நாளில் சரியான இடத்துக்கு மாற்ற வேண்டும் என்று சட்டத்தின் 6(3) பிரிவு சொல்கிறது, அதை மனுவிலேயே ஒரு வரியாகப் போட்டுவிடுங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அந்தக் கெடுவை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

பல நேரம் ஆவணம் வருவதற்கு முன்பே அபராதம் ரத்தாகிவிடுகிறது. படம் இல்லை என்று எழுத்தில் சொல்வதைவிட ரத்து செய்வது அவர்களுக்கு எளிது.

10. அதற்கும் மேலே போக வேண்டுமா?

சில ஆயிரம் ரூபாய்க்காக உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடுவது பெரும்பாலான வீடுகளுக்குக் கட்டுப்படியாகாது. அதற்கு நடுவே ஒரு இடம் இருக்கிறது, பலருக்குத் தெரியாது: நிரந்தர லோக் அதாலத். சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 22ஏ பிரிவில் பொதுப் பயன்பாட்டுச் சேவைகள் என்று ஒரு பட்டியல் உண்டு, பொதுத் துப்புரவும் சுகாதாரமும் அதில் சேர்ந்தது. நீதிமன்றக் கட்டணம் இல்லை. முதலில் சமரசம் பேசுவார்கள், ஒத்துவராவிட்டால் அவர்களே தீர்ப்புச் சொல்லலாம். எச். சித்தையா சாலையில் உள்ள நியாய தேகுலா கட்டடத்தில் மாநிலச் சட்டப் பணிகள் ஆணையம் இருக்கிறது, அங்கே போய்க் கேட்டால் எங்கே, எப்படி விண்ணப்பிப்பது என்று சொல்வார்கள்.

போவதற்கு முன் இரண்டு விஷயம். அங்கே விண்ணப்பித்த பிறகு அதே விவகாரத்துக்கு வேறு நீதிமன்றம் போக முடியாது. ஏற்கெனவே நீதிமன்றத்துக்குப் போயிருந்தாலும் அங்கே எடுக்க மாட்டார்கள்.

நீதிமன்ற சம்மனாகவே வந்துவிட்டது என்றால் இந்த வழிகாட்டியை மூடிவிட்டு வக்கீலைப் பாருங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் உண்டு. 15100 எண்ணில் கேட்கலாம். எங்கள் தெருவில் தனியாக இருக்கும் ஒரு பாட்டியம்மாவுக்கு இந்த வழியில்தான் வக்கீல் கிடைத்தார், ஒரு காசு செலவில்லை.

11. ரத்தான பிறகு செய்ய வேண்டியது

ரத்து உத்தரவின் நகலை நோட்டீஸ் எண், தேதி, அதிகாரியின் கையெழுத்தோடு எழுத்தில் வாங்குங்கள். அதன் பிறகு, கணினியில் உள்ள பதிவும் எடுக்கப்பட்டதா என்று கேளுங்கள். எனக்கு உத்தரவு கைக்கு வந்து ஒரு மாதம் கழித்து, பாக்கி என்று மறுபடி ஒரு செய்தி வந்தது. கோப்பில் ரத்து, கணினியில் பாக்கி. உத்தரவின் நகலை இணைத்து இரண்டு வரிக் கடிதம் கொடுத்த பிறகுதான் அது நின்றது. பதிவு முக்கியம், அடுத்த முறை எதுவும் வந்தால் "இரண்டாவது தடவை" என்று கணக்கிட்டுக் கூடுதலாகக் கேட்பதற்கு அந்தப் பழைய பதிவே காரணமாகிவிடும்.

ஏற்கெனவே கட்டியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்பதற்குத் தனி மனு வேண்டும்: கட்டிய ரசீதின் நகல், ரத்து உத்தரவின் நகல், வங்கிக் கணக்கு விவரத்துக்காகக் குறுக்கே 'கேன்சல்' என்று எழுதிய காசோலை ஒன்று. இதற்கும் ஸ்வீக்ருதி வாங்குங்கள். பணம் வர மாதக்கணக்கில் ஆகும், நடுநடுவே போய்க் கேட்க வேண்டியிருக்கும். மொத்தக் காகிதங்களையும் ஒரே பைலில் போட்டு, வீடு மாறினாலும் மூன்று வருடமாவது வைத்திருங்கள்.